வாசகர் கேள்வி – பதில்: ஆய்வின் முடிவு வாட்டுக்குப் போய்ச் சேர என்ன பயிற்சி வேண்டும்?

சுகாதார ஆய்வுகளின் முடிவுகளை வைத்தியசாலையிலும் ஊரிலும் நடைமுறைக்குக் கொண்டுவருவதைப் பற்றிய அமுலாக்க அறிவியல் குறித்து வன்னி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, இத்துறையில் பயிற்சி நடத்தும் குழுவினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: பட்டப்பின் படிப்புக்காக ஓர் ஆய்வு செய்தேன். சஞ்சிகையிலும் வெளிவந்துவிட்டது. ஆனால் எங்கள் பகுதிப் பணிமனையில் எவருக்கும் அது தெரியாது. ஒரு கருத்தரங்கு வைத்துச் சொல்லிவிட்டால் போதாதா? அதற்கென்று தனியாக ஓர் அறிவியலும் பயிற்சியும் தேவையா? – ஆய்வு மாணவி, கிளிநொச்சி

கருத்தரங்கு வைத்தால் தெரிந்துகொள்வார்கள். தெரிந்த எல்லாரும் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வன்னியில் எல்லாருக்கும் விளங்கும் ஓர் உதாரணம் பாம்புக்கடி.

கண்ணாடி விரியன் கடித்தவரின் குருதி உறையும் தன்மையை இழந்துவிட்டதா என்று அறிய 20 நிமிடச் சோதனை ஒன்று உண்டு. 2 மில்லிலீற்றர் குருதியைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு தடவை சரித்துப் பார்க்கவேண்டும். கட்டியாகாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற அது போதிய காரணம். ஆய்வுகூடமே இல்லாத பிரதேச வைத்தியசாலையிலும் செய்யலாம். (எண்ணெய் விரியன் கடிக்கு இச்சோதனையை நம்பியிருக்கக் கூடாது. அதன் விஷம் தாக்குவது நரம்பை.) எந்த மருத்துவ மாணவரைக் கேட்டாலும் இதை மனப்பாடமாகச் சொல்வார். அப்படியிருந்தும் 2013இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், வழமையான வாட் வேலைக்கிடையே செய்யப்பட்ட இச்சோதனை, குருதி உறையாதிருந்த நோயாளர்களில் 40 வீதமானவர்களையே இனங்கண்டது. சோதனை பிழையாக 'சரி' காட்டியவர்களுக்கு மருந்தும் தாமதமாகவே ஏறியது. குழாயும் செய்முறையும் கவனமாகக் கட்டுப்படுத்தப்பட்ட 2017ஆம் ஆண்டு ஆய்வில் அதே சோதனை 80 வீதத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்தது.

சோதனையில் மாற்றம் இல்லை, அதைச் செய்த சூழல்தான் வேறு. வாட்டில் என்ன பிழைக்கும் என்று பாருங்கள். சில பிழைகள் உறையும் குருதியை உறையாததாகக் காட்டும், சில உறையாததைத் தவறவிடவைக்கும். கண்ணாடிக் குழாய் முடிந்துவிட்டதென்று பிளாஸ்டிக் குழாயில் எடுப்பார்கள். குருதி உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடியின் மேற்பரப்பு தேவை, பிளாஸ்டிக் அந்த வேலையைச் செய்யாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயில் மிச்சமிருக்கும் சவர்க்காரமும் உறைதலைக் கெடுக்கும். பொறுமையில்லாமல் ஏழாம் நிமிடமே எடுத்துச் சரித்துப் பார்ப்பார்கள். இரவு வேளையில் நேரம் குறிக்காமல் வைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போவார்கள், திரும்பி வரும்போது 20 நிமிடமா 40 நிமிடமா என்று எவருக்கும் தெரியாது.

நீங்கள் படித்த ஆய்வுமுறை 'இது பலன் தருமா?' என்று கேட்கும். அமுலாக்க அறிவியல், பலன் தரும் என்று தெரிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, 'இங்கே ஏன் நடக்கவில்லை? யார், எதை மாற்றினால் நடக்கும்? நாங்கள் போன பிறகும் நடக்குமா?' என்று கேட்கும். கேள்வி மாறும்போது அளக்கும் பொருளும் மாறும், பேசவேண்டிய ஆட்களும் மாறுவார்கள். அதற்குத்தான் தனிப் பயிற்சி. மூல ஆய்வுகளில் 14 வீதமே நோயாளருக்குப் பயன்படும் நிலைக்கு வருகின்றன, அதற்கும் சராசரியாக 17 ஆண்டுகள் செல்கின்றன என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. இத்துறைக்கென்றே தனிச் சஞ்சிகை 2006இல் தொடங்கியதற்கு இப்படியான கவலைகளே பின்னணி.

கேள்வி: நான் குடும்பநல உத்தியோகத்தர். பட்டதாரி அல்ல. புள்ளிவிபரவியல் தெரியாது. இப்படியான பயிற்சியில் எனக்கு இடம் உண்டா? – ஒட்டுசுட்டான்

உண்டு. நீங்கள் இல்லாத குழுவை நாம் அரைக் குழுவாகவே கருதுவோம். கிளினிக் நாளில் எத்தனை தாய்மார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எந்தப் பதிவேடு நிரப்பப்படுகிறது, எது மாத முடிவில் ஒரே இருப்பில் நிரப்பப்படுகிறது, எந்த வீதி மாரியில் மூடும் என்பதெல்லாம் ஆய்வாளருக்குத் தெரியாது. தடைகளைப் பட்டியலிடும் பகுதியில் உங்கள் வாயிலிருந்து வருவதுதான் மூலப்பொருள். புள்ளிவிபரத்தைக் குழுவில் ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் புற்றுநோய்த்துறை ஆய்வாளருக்காக வழிகாட்டிகளுடன் நடத்தப்பட்ட பயிற்சித் திட்டம் ஒன்று, இத்துறைக்கு வேண்டிய தேர்ச்சிகளை 43 என்று வகுத்து 2015இல் வெளியிட்டது. அவற்றைத் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்றும் பிரித்தது. எப்படிப் பார்த்தாலும் இந்த வேலையின் தொடக்கம் பிரச்சினையை இனங்காண்பதும் சம்பந்தப்பட்டவர்களோடு சேர்ந்து வேலை செய்வதும்தான். இரண்டும் உங்களுக்குத் தினசரி வேலை.

ஒன்றைமட்டும் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்துங்கள்: வகுப்பு எந்த மொழியில்? சிலைடுகள் ஆங்கிலத்திலும் விளக்கம் தமிழிலும் இருந்தால் சமாளிக்கலாம். குழுவேலையும் ஆங்கிலத்தில் என்றால் நீங்கள் ஐந்து நாளும் வாய்மூடி இருக்கவேண்டி வரும்.

கேள்வி: எங்கள் துறையில் இப்படி ஒரு பயிற்சிநெறி நடத்த விரும்புகிறோம். எத்தனை நாள், யாரை எடுப்பது, என்ன வரிசையில் கற்பிப்பது? – விரிவுரையாளர், வவுனியா

இரண்டு நாள் செயலமர்வு மட்டும் என்றால் தொடங்கவேண்டாம். சான்றிதழ் மிஞ்சும், வேறொன்றும் மிஞ்சாது. நாம் பரிந்துரைப்பது ஐந்து நாள் வகுப்பும் அதைத் தொடர்ந்து ஆறு மாத வழிகாட்டலும்.

ஆட்களைத் தனித்தனியாக எடுக்காமல் குழுக்களாக எடுங்கள். ஒரு குழுவில் நால்வர்: ஆய்வாளர் ஒருவர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் (சுகாதார வைத்திய அதிகாரி அல்லது வைத்தியசாலைப் பொறுப்பதிகாரி), நேரடியாக வேலை செய்யும் ஒருவர் (தாதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர்), பதிவேடு அல்லது திட்டமிடல் பொறுப்பில் உள்ள ஒருவர். இப்படி ஐந்து குழு, 20 பேர். அதற்கு மேல் போனால் வழிகாட்டிகளால் ஈடுகொடுக்க முடியாது. வன்னியில் இடமாற்றம் அடிக்கடி நடப்பதால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் குறைந்தது இருவராவது நிரந்தர வதிவிடம் அங்கேயே உள்ளவர்களாக இருக்கட்டும். தென்பகுதியிலிருந்து நியமனம் பெற்று வந்த வைத்தியர்களும் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்குச் சிங்களத்தில் விளக்க ஒருவரை வைத்துக்கொண்டால் தமிழில் தாராளமாக நடத்தலாம்.

முதல் நாளுக்கு ஆறு வாரம் முன்பே ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும். எந்தச் சேவை நடக்கவில்லை, அது பலன் தரும் என்பதற்கு என்ன சான்று, கடந்த மூன்று மாதப் பதிவேட்டில் அதற்கான எண்ணிக்கை என்ன, அதை மாற்ற யாருக்கு அதிகாரம். எண்ணிக்கை இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். இந்த இடத்தில் இரக்கம் காட்டினால் நாலாம் நாள் அவர்களுக்கு அளக்க ஒன்றும் இராது. சான்றே இல்லாத புது யோசனையோடு வருபவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு வேண்டியது வேறு பயிற்சி. சான்று பாதியளவில் இருந்தால், பலனையும் அமுலாக்கத்தையும் சேர்த்தே பார்க்கும் கலப்பு வடிவங்கள் மூன்று 2012இல் வகுக்கப்பட்டுள்ளன, அதில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்.

முதல் நாள், சேவையைச் சங்கிலியாக வரைதல். நோயாளி வாசலுக்கு வருவதிலிருந்து மருந்து ஏறும்வரை ஒவ்வொரு படியும், ஒவ்வொரு படியிலும் ஆள், பொருள், நேரம். சங்கிலி அறும் இடம் அன்றைக்கே பாதி தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் காலையில் வகுப்பறையில் இருக்கக்கூடாது. கிளினிக்கிலோ வாட்டிலோ ஒரு மூலையில் இருந்து மூன்று மணிநேரம் பார்த்துக் குறிப்பெடுக்கவேண்டும். கேள்வி கேட்பது அதற்குப் பிறகு. பிற்பகலில் தடைகளை ஐந்து பக்கமாகப் பிரித்து எழுதுதல்: புகுத்தப்படும் வழிமுறை, வெளிச்சூழல், நிறுவனத்தின் உட்சூழல், ஆட்கள், அமுலாக்கும் செயல்முறை. இது 2009இல் வந்து 2022இல் திருத்தப்பட்ட சட்டகம், அதாவது எதை எதைப் பார்க்கவேண்டும் என்று வகுத்துத் தரும் அமைப்பு. இத்துறையில் சட்டகங்களுக்குப் பஞ்சமில்லை. 2012இல் வெளியான தொகுப்பொன்றே 61ஐப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் காட்டினால் பயிலுநர் பெயர்களோடு வீட்டுக்குப் போவார்கள். தடை காண ஒன்று, மதிப்பிட ஒன்று, இரண்டே போதும்.

மூன்றாம் நாள்தான் பயிற்சியின் இதயம். தடைக்குப் பொருந்தும் உபாயத்தைத் தெரிவுசெய்து, அதை ஏழு வரியில் எழுதுதல்: யார் செய்வது, என்ன செய்வது, யாரை அல்லது எதை நோக்கி, எப்போது, எவ்வளவு அல்லது எத்தனை தடவை, எந்த விளைவை எதிர்பார்த்து, ஏன் இது. இந்த ஏழும் 2013இல் முன்வைக்கப்பட்டவை. பாம்புக்கடிச் சோதனைக்கு ஒரு குழு எழுதக்கூடிய வடிவம் இப்படியிருக்கும்:

'அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புத் தாதி, ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலைக் கடமை தொடங்கியவுடன், பாம்புக்கடிப் பெட்டியில் 10 புதிய கண்ணாடிக் குழாய், நிமிடக் கடிகாரம், தமிழும் சிங்களமும் உள்ள செய்முறை அட்டை ஆகியன உள்ளனவா என்று பார்த்து ஒப்பமிடுவார். 4 குழாய்க்குக் கீழே குறைந்தால் அன்றே களஞ்சியத்தில் எடுப்பார். புதிதாக வரும் ஒவ்வொரு வைத்தியருக்கும் முதல் வாரத்திலேயே 15 நிமிடம் சோதனையைச் செய்துகாட்டுவார். எதிர்பார்ப்பது, சோதனை விதிப்படி நடப்பது. காரணம், மூன்று மாதப் பதிவில் பிழைத்த சோதனைகள் பெரும்பாலும் குழாய் இல்லாதபோதும் புதியவர் கடமையில் இருந்தபோதும் நடந்தவை.'

இதை 'ஊழியர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்படும்' என்று எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னையதை யார் செய்யத் தவறினார் என்று எவராலும் கேட்க முடியாது. 73 உபாயங்கள் கொண்ட பட்டியல் 2015இல் வெளியாகியிருக்கிறது. அதில் பயிற்சி வகுப்பு ஒரு மூலையில்தான் இருக்கிறது. நம் குழுக்கள் எழுதும் முதல் வரைவில் மட்டும் எப்போதும் அதுதான் முதலிடம். குழாய் இல்லாததற்கு வகுப்பெடுத்துப் பயனில்லை.

நாலாம் நாள் அளவீடு, ஐந்தாம் நாள் செலவும் அனுமதியும். ஐந்தாம் நாள் பிற்பகல் ஒவ்வொரு குழுவும் தன் திட்டத்தைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் முன்னிலையில் பத்து நிமிடத்தில் சொல்லவேண்டும். அவர் வரும் திகதியை முதலில் உறுதிப்படுத்திவிட்டுப் பயிற்சித் திகதியை வையுங்கள்.

பிறகு ஆறு மாதம், மாதம் ஒரு மணிநேரம் வழிகாட்டியுடன் சந்திப்பு. ஒருமுறையாவது அவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும். முதல் மாதம் ஒரே வாட், ஒரே வாரம் என்று சிறிதாகச் செய்துபார்த்துத் திருத்துவது நல்லது. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மாரி, அதன்பின் காலபோக அறுவடை. ஊர்மட்ட வேலையுள்ள குழுக்கள் இந்த நாட்களில் தொடங்கினால் ஆட்கள் வரமாட்டார்கள். மார்ச் கடைசியில் வகுப்பை முடித்தால் ஆறு மாதமும் கைக்கு வரும்.

கெடுவது எங்கே என்றால், கடைசி நேரத்தில் பெயர் குறித்தவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்புவதில். 'மாற்றாள் ஏற்கப்படமாட்டார்' என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். அடுத்தது, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வினாத்தாள் கொடுத்து, புள்ளி கூடியதைப் பயிற்சியின் வெற்றி என்று அறிக்கை எழுதுவது. ஆறாம் மாதம் எத்தனை திட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்பதையே கணக்கில் எடுக்கவேண்டும்.

கேள்வி: கைகழுவும் முறை பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதம் எல்லாரும் ஒழுங்காகச் செய்தோம். பிறகு பழையபடிதான். ஊழியரில் பிழையா? – தாதி, முருங்கன்

ஊழியரில் பிழை என்ற முடிவுக்கு வருமுன் நாலு விடயம் பார்க்கவேண்டும். கைத்தொற்றுநீக்கி கட்டிலருகே இருக்கிறதா, தாழ்வாரத்துக் கடைசியில் இருக்கிறதா? முடிந்தால் நிரப்புவது யார், அவர் லீவு என்றால் யார்? பயிற்சி பெற்றவர்களில் எத்தனைபேர் இப்போதும் அதே வாட்டில் இருக்கிறார்கள்? கண்காணிப்பு எந்த மாதத்தோடு நின்றது? மூன்றாம் மாதத்தோடு நின்றிருந்தால், ஓய்ந்தது பழக்கம் அல்ல, கண்காணிப்புத்தான்.

வெளியிலிருந்து வந்த திட்டங்கள் இப்படி ஓய்வதற்குப் பெரிய காரணம், தொடர்ச்சியைப் பற்றித் திட்டம் முடியும்போதுதான் யோசிப்பது. எந்தப் படிவம், எந்தக் கூட்டம், எந்த வரவுசெலவுத் தலைப்பு இதைத் தாங்கும் என்று முதல் நாளே எழுதியிருக்கவேண்டும். மாதாந்த மாநாட்டின் நிகழ்ச்சிநிரலில் ஒரு வரியாக ஏறிய விடயம் நிலைக்கும் வாய்ப்பு அதிகம். தனிப் படிவம் அச்சடித்துக் கொடுத்தால் அச்சு முடியும்போது அதுவும் முடியும்.

கேள்வி: அளப்பது எப்படி? குணமானவர்களின் எண்ணிக்கை போதாதா? – மருத்துவ ஆராய்ச்சி உதவியாளர், மாங்குளம்

போதாது. எண்ணிக்கை கூடாதபோது மருந்தில் பிழையா, மருந்து சேராததில் பிழையா என்று அது சொல்லாது. 1999இல் வந்த மதிப்பீட்டுச் சட்டகம் ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது: எத்தனைபேரைச் சென்றடைந்தது, பலன் என்ன, எத்தனை இடங்கள் கையிலெடுத்தன, எவ்வளவு ஒழுங்காகச் செய்தன, நிலைத்ததா.

ஒரு கற்பனைக் கணக்கு. 10 வைத்தியசாலைகளில் 8 வைத்தியசாலைகள் மேலே சொன்ன பாம்புக்கடிப் பெட்டியை வைத்திருக்கின்றன. அங்கு பாம்புக்கடியோடு வருவோரில் நாலில் மூன்று பேருக்குச் சோதனை நடக்கிறது. நடந்த சோதனையில் பாதி விதிப்படி நடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் 80, 75, 50 வீதம், மோசமில்லை. பெருக்கிப் பாருங்கள்: எல்லா வைத்தியசாலைக்கும் ஒரே அளவு நோயாளர் வருவதாக வைத்தால், 100 பேரில் 30 பேருக்குத்தான் சரியான சோதனை கிடைக்கிறது. எந்தப் படியைத் திருத்தினால் அதிகம் கிடைக்கும் என்றும் இதே கணக்கு காட்டும். விதிப்படி நடப்பதை 50இலிருந்து 90 ஆக்கினால் 30 பேர் 54 ஆகிறார்கள். மீதமுள்ள 2 வைத்தியசாலைக்கும் பெட்டி கொடுத்தால் 30 பேர் 37 அல்லது 38 தான்.

கேள்வி: ஆய்வு செய்தவர்கள் ஊருக்கு முடிவைச் சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்றால் எப்படிச் சொல்வது? – மாதர் கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர், துணுக்காய்

உங்கள் கோபம் நியாயமானது. முடிவைத் திருப்பிச் சொல்வது ஆய்வாளரின் கடமை, அதற்கான பணத்தை ஆரம்ப வரவுசெலவிலேயே ஒதுக்கவேண்டும்.

முறை தெரியவேண்டுமானால் பங்களாதேசத்தைப் பாருங்கள். வயிற்றோட்டத்துக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர்காக்கும் என்று டாக்காவிலிருந்து 1968இல் ஆய்வுமுடிவு வந்தது. 1980இலிருந்து பிராக் என்ற நிறுவனம் அதை வீடுவீடாகக் கொண்டுபோனது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் (ஏறத்தாழ அரை லீற்றர்) நீர். பத்தாண்டில் 1 கோடிக்கு மேற்பட்ட வீடுகள். ஊழியருக்குக் கொடுப்பனவு, போய்வந்த வீட்டின் எண்ணிக்கைக்கு அல்ல. பிறகு வேறொருவர் போய்த் தாய்மாரைச் சோதித்து, எவ்வளவு நினைவிருக்கிறது, கலவை சரியா என்று பார்த்தே கணக்குத் தீர்த்தார்கள். அப்படியும் முதலில், தாய்மாருக்குச் செய்யத் தெரிந்தது, ஆனால் பிள்ளைக்குக் கொடுப்பது குறைவாக இருந்தது. விசாரித்தபோது, சொல்லிக்கொடுத்த ஊழியர்களிலேயே பலர் தமக்கு வயிற்றோட்டம் வந்தால் அதைக் குடிப்பதில்லை என்றும், வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவில்லை என்றும் தெரிந்தது. முதலில் ஊழியரை நம்பவைத்தார்கள், பின்பு சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் பேசினார்கள். (இன்று நம் வீடுகளில் இதே கலவைத் தூளான ஜீவனிப் பக்கற் கிடைப்பதால் அதையே பாவியுங்கள், கைக்கணக்கில் உப்புக் கூடினால் ஆபத்து.)

துணுக்காயில் அதே ஒழுங்கு செல்லும். ஒரு கூட்டத்துக்கு ஒரே செய்தி. உங்கள் சங்கத்துக்கு ஒரு கூட்டம், கமக்காரர் அமைப்புக்கு இன்னொன்று. சொல்லி முடிந்ததும் 'விளங்கியதா?' என்று கேட்கவேண்டாம், எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருவரை எழுப்பி, வீட்டில் போய் எப்படிச் சொல்வீர்கள் என்று சொல்லவைக்கவேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பத்து வீட்டில் மீண்டும் கேட்கவேண்டும்.

கேள்வி: வழமையான வேலையைத் திருத்துவதற்கும் நெறிமுறை அனுமதி வேண்டுமா? – சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊழியர், புதுக்குடியிருப்பு

உள்ளக மேம்பாடு மட்டும் என்றால் பொறுப்பதிகாரியின் அனுமதியோடு செய்வது வழக்கம். வெளியிடவோ பட்டத்துக்குப் பயன்படுத்தவோ எண்ணம் இருந்தால் தொடங்குமுன்னரே நெறிமுறைக் குழுவிடம் போங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படியொரு குழு உண்டு. அதோடு மாகாண, பிராந்தியப் பணிப்பாளர்களின் அனுமதியும் வேண்டும்.

பலர் தவறவிடும் ஒன்று: அமுலாக்க ஆய்வில் ஊழியர்களும் ஆய்வுக்கு உட்படுபவர்களே. பொறுப்பதிகாரியே சம்மதப் படிவத்தை நீட்டினால் கீழே உள்ளவர் மறுக்கமாட்டார். சம்மதத்தை வெளியாள் ஒருவர் பெறட்டும். யார் பிழையாகச் செய்தார் என்ற பெயர்விபரம் நிர்வாகத்துக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள், அப்படியே நடவுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து பதிவேட்டில் ஒரு பிழையும் இராது, வாட்டில் எல்லாப் பிழையும் இருக்கும்.

கேள்வி: காசில்லாமல் எங்கே படிக்கலாம்? – பட்டதாரி, செட்டிகுளம்

உலக சுகாதார நிறுவனத்தில் இருந்து இயங்கும் வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டம் அமுலாக்க ஆய்வுக்கு இணையவழி இலவசப் பாடநெறியும் கைநூல் தொகுதியும் வைத்திருக்கிறது. அதன் பயிற்சி மையங்களில் ஒன்று இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில், காட்ஜா மாடா பல்கலைக்கழகத்தில் உள்ளது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பயிற்சிப் பாடங்களும் இணையத்தில் திறந்திருக்கின்றன. ஆங்கிலத்தில்தான் படிக்கவேண்டி வரும். தனியே இருந்து படித்தால் இரண்டாம் பாடத்தோடு நிற்கும். மூன்று நாலு பேர் சேர்ந்து, உங்கள் பிரதேச வைத்தியசாலையின் ஒரு பிரச்சினையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தையும் அதற்குப் பொருத்திப் பாருங்கள். எழுதிய ஏழு வரி உபாயத்தை அங்குள்ள தாதி ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். 'திங்கட்கிழமை காலையில் எனக்கு அதற்கு நேரமில்லை' என்று அவர் சொன்னால், கிழமையை மாற்றிவிட்டு மீண்டும் கொடுங்கள்.